நிறைந்தது என்று எழுதினேன்

மார்ச் 3, ஞாயிறு

வடிவு டீச்சர், முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது. கோடு போட்ட நோட்டுதான் வாங்கினேன். அப்படியும் சில எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறுகின்றன, சில கீழே இறங்குகின்றன. நாற்பது வருடம் வால்வு திருகிய கை. பேனாவையும் வால்வு மாதிரியே இறுக்கிப் பிடிக்கிறது. இந்த அளவுக்கு எழுதவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உங்கள் முதியோர் எழுத்து வகுப்பில் படிப்பு முடித்தவர்கள் தினம் பார்த்ததை எழுதி ஞாயிறுதோறும் கொண்டுவர வேண்டும் என்று சொன்னீர்கள். பதினோரு பேரில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். முன்பின் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன். வயது அறுபத்தொன்பது. பூவன்குறிச்சி பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. தொட்டிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது, அதில்தான் குடியிருக்கிறேன். மனைவி இறந்து எட்டு வருடம். மகள் திருப்பூரில் இருக்கிறாள்.

நேற்று பஸ்ஸின் போர்டைப் படித்து, யாரையும் கேட்காமல் ஏறினேன். ஏறிய பிறகு கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். சரியான பஸ்தான்.

மார்ச் 4, திங்கள்

இன்று தீயணைப்பு வண்டி வந்தது. நிலையத்தின் ஆழ்குழாய் வற்றிவிட்டதால் என் தொட்டியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஓட்டுபவர் தளவாய். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் தெரியாதவருக்காக எழுதுகிறேன்.

வண்டி வந்ததும் ஓஸ் குழாயை மாட்டி வால்வைத் திறப்பேன். வண்டி நிறைந்தால் மேல்மூடி வழியாகத் தண்ணீர் வழியும். அதுதான் அடையாளம். பக்கவாட்டில் அளவு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அது பாசி பிடித்து ஒன்றும் தெரியாது. வழிந்த தண்ணீரைக் குடிக்க எதிர்வீட்டு ஆடுகள் ஓடிவரும். அதன் பிறகு நோட்டில் பதிய வேண்டும்: தேதி, வண்டி எண், ‘நிறைந்தது’ என்ற சொல், கையெழுத்து.

முன்பெல்லாம் தளவாய் எழுதுவார், நான் பெருவிரலை ஒட்டுவேன். பொங்கல் கழிந்ததிலிருந்து நானே எழுதுகிறேன். எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அவசர வண்டியை என் எழுத்துக்காக நிறுத்திவைக்கலாமா? ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வால்வைத் திறந்தவுடன் எழுத உட்கார்ந்துவிடுவேன். கையெழுத்தைப் போட்டு முடிக்கும்போது தண்ணீரும் வழியும். இரண்டும் ஒன்றாக முடிவதைப் பார்த்து லாசருக்கே ஆச்சரியம். லாசர் அந்த வண்டியில் வரும் தீயணைப்பு வீரர், வாய் ஓயாதவர்.

“பெரியவரே, ஒமக்கு வாச்சே வேண்டாம் போலிருக்கே!” என்றார்.

தளவாய் முன்பு ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இப்போது ஏறுவதில்லை. “நீங்கதான் எழுதிட்டீகளே மாமா, அது போதும்” என்கிறார். இதை நான் டீக்கடையில் மூன்று பேரிடம் சொன்னேன்.

மார்ச் 6, புதன்

தபால் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்தேன். மைப்பெட்டியை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும்.

மார்ச் 8, வெள்ளி

வண்டி நிறையும்வரை லாசர் தளவாயைக் கேலி செய்துகொண்டிருந்தார். நேற்று தீ அழைப்புக்குப் போகும்போது பஜார் முக்கில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாராம்.

“சைரன் போட்டிருக்கு, சிவப்பு லைட்டு சுத்துது. இவரு என்னடான்னா பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி நின்னு நிதானமாப் பாக்காரு. பெரியவரே, இது பயர் வண்டி இல்ல, மாட்டுவண்டி.”

தளவாய் கோபப்படவில்லை. “சைரன் நமக்குத்தாம்டே பெருசாக் கேக்கும். எதுத்தாப்புல வாறவன் காதுல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். போய்ச் சேந்தாத்தான் நாம பயர் வண்டி. நடுவுல கவுந்துட்டா நமக்கு ஒரு வண்டி வரணும்” என்றார்.

எப்போதும் ஏன் தளும்பத் தளும்ப நிரப்ப வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் டீ கிளாசை எடுத்துக் காட்டினார். “ரொம்பி இருந்தா தண்ணி அசைய இடமில்ல. காலியா இருந்தா அசையத் தண்ணியில்ல. பாதி இருந்தா, வளைவுல அது ஒரு பக்கமா ஓடி வண்டியத் தள்ளும் மாமா. பாதித் தண்ணின்னு தெரிஞ்சா வளைவுல நான் நடக்கிற வேகத்துலதான் போவேன்.”

தண்ணீரோடு நாற்பது வருடம் இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

மார்ச் 12, செவ்வாய்

கடும் வெயில். மேலே தொட்டியில் தண்ணீர் குறைவு, குழாயில் வேகம் இல்லை. இரண்டு மணிக்கு வண்டி வந்தது. சாலையோரப் புல் தீயை அணைத்துவிட்டுக் காலியாக வந்திருந்தது. ஓஸை மாட்டி, வால்வைத் திறந்து, எழுத உட்கார்ந்தேன்.

இன்று எழுதிய ‘நிறைந்தது’தான் நான் இதுவரை எழுதியதிலேயே அழகானது. எல்லா எழுத்தும் கோட்டின் மேல் நின்றன. கையெழுத்தைப் போட்டு எழுந்து வால்வை அடைத்தேன்.

“நெறைஞ்சிட்டா மாமா?” என்று தளவாய் கேட்டார்.

“நெறைஞ்சிட்டு” என்றேன்.

வண்டி கிளம்பியது. ஆடுகள் வந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டன.

வண்டி தெரு தாண்டுவதற்குள் சைரன் கேட்டது. நிலையத்துக்குப் போகும் முன்பே வயர்லெஸ்சில் அழைப்பு வந்துவிட்டதாம், பஞ்சுக் கிடங்கில் தீ என்று.

நான்கு மணிக்கு டீக்கடையில் சொன்னார்கள். குளத்தங்கரை வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது.

மார்ச் 13, புதன்

யாரும் சாகவில்லை. லாசருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. தளவாய்க்கு நெற்றியில் ஏழு தையல். பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்வதற்குள் கிடங்கின் கூரை விழுந்துவிட்டது.

வேகம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொட்டியைச் சுற்றிப் பெருக்கினேன். சாயங்காலம் மறுபடியும் பெருக்கினேன்.

மார்ச் 14, வியாழன்

கை வலி. எழுதவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மாவட்டத்திலிருந்து தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல உயரம், கண்ணாடி போட்டவர். என் நோட்டை வாங்கிப் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார்.

“இது உங்க எழுத்தா?”

“ஆமாங்க ஐயா. இப்பதான் படிச்சேன்.”

“நல்லா இருக்கு” என்றார். பிறகு கூட வந்தவரிடம், “முழுத் தொட்டி. அப்போ தண்ணி ஆடுறதுக்கு வழியில்ல. ஓவர் ஸ்பீடுதான்” என்றார்.

என் எழுத்தை இதுவரை எந்த அதிகாரியும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவர்கள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை.

தளவாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 18, திங்கள்

காலையில் தளவாய் நடந்தே வந்தார். நெற்றியில் கட்டு. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

“வண்டி போன போக்கு எனக்குப் புரியல மாமா. ஸ்பீடு முள்ளு முப்பதத் தாண்டல. ரொம்பின வண்டிய அந்த வளைவுல எத்தன தடவ ஒடிச்சிருக்கேன்! அன்னைக்கு யாரோ உள்ள இருந்து முட்டித் தள்ளின மாதிரி போச்சு. வண்டிய நிமித்துததுக்குள்ள தண்ணியெல்லாம் கொட்டிட்டு, இப்ப அளக்கவும் வழியில்ல.” நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு வழிஞ்சதுல்லா?”

வழிந்தது என்று சொன்னேன்.

“சரி மாமா. நீங்க சொன்னா சரிதான்” என்று போய்விட்டார். கட்டுத் துணியில் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது. அதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

மார்ச் 20, புதன்

கவிழ்ந்த வண்டிக்குப் பதிலாக வேறு ஊர் வண்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். அளவில் அதேதான். இன்று தண்ணீர் பிடிக்க வந்தது. குழாயில் அன்றைக்கு இருந்த அதே மெலிந்த வேகம். வால்வைத் திறந்துவிட்டு நான் நின்றேன்.

புது ஓட்டுநர் கேட்டார்: “என்ன பெரியவரே, நோட்டுப் போட மாட்டீரா?”

“வழியட்டும். பொறவு எழுதுதேன்.”

அறையின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து. இருபது. ஓட்டுநர் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் வழிந்தது. ஆடுகள் ஓடிவந்தன.

அன்று நான் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 21, வியாழன்

பேரூராட்சி ஆபீசுக்குப் போய்க் கிளார்க்கிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். நோட்டில் தப்பாக ஒன்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று.

அவர் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “எந்தத் தேதி?”

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

“வே, ஒமக்கு இருக்கறது நிரந்தர வேலையும் கெடையாது, அந்த ரூமும் ஒம்ம ரூமு கெடையாது. நோட்டு சுத்தமா இருக்கு. அதிகாரியே பாத்துட்டுப் போயாச்சு. நீரு எழுத்துப் படிச்சது போதும். வாயத் தொறக்காம இரும்.”

திரும்பும் வழியில் கடைப் பெயர்களை எல்லாம் படித்துக்கொண்டு வந்தேன். வழக்கமாகச் சந்தோஷமாக இருக்கும்.

மார்ச் 22, வெள்ளி

ஆஸ்பத்திரியில் லாசரைப் பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சு வாங்கிப் போனேன்.

“வாரும் பெரியவரே! வாச்சு இல்லாத மனுசன் வந்துட்டாரு, டாக்டர் ரவுண்ட்ஸ் எப்பன்னு கேட்டுக்கிடலாம்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த மாட்டுவண்டிக்காரன் வேகமாப் போனான்னு கையெழுத்துக் கேக்காக. அவனா? சைக்கிள்காரனுக்கே வழி விடுதவன். ஆனா நோட்டுல நெறைஞ்சதுன்னு இருக்குதாம். அப்ப நான் என்னத்தச் சொல்ல? எழுதினதுக்கு மேல என் வாய்ச்சொல் நிக்குமா?”

அவருடைய ஆரஞ்சை நானே உரித்துக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கால் கூடுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

மார்ச் 24, ஞாயிறு

இன்றும் வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பு முடிந்து வடிவு டீச்சரே வந்துவிட்டார். நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

“காய்ச்சல் எப்படி இருக்கு பெரியப்பா?”

“பரவால்ல டீச்சர்.”

அவர் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். “செவ்வாய்க்கிழமை விசாரணை. வேலையே போயிரும்னு சொல்லுதாவ. அவுக வீட்டுல யார்கிட்டயும் பேச மாட்டேங்காவ. சும்மா இருக்கையில ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. நான் வேகமாத்தான் போயிட்டேனோ, எனக்கே தெரியாமப் போயிட்டேனோன்னு கேக்காவ. இருபத்திரண்டு வருசமா ஓட்டுன மனுசன், பெரியப்பா.”

நான் அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தேன்.

“நீங்க ஒரு கடுதாசி எழுதித் தருவீங்களா? அவுக நிதானமா ஓட்டுவாவன்னு. நீங்க தினம் பாக்கீங்க. யாரோ டைப் அடிச்சுக் குடுக்கறதவிட உங்க கையால எழுதினா மதிப்பு இருக்கும்.”

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார்.

மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். ‘தளவாய் மெதுவாக ஓட்டுவார்’ என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தை என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், மெதுவாக ஓட்டுபவர் அன்றைக்கு மட்டும் வேகமாக ஓட்டினார் என்றுதான் ஆகும். நான் எத்தனை நல்ல வார்த்தை எழுதினாலும் அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் அடித்துவிடும்.

இங்கே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி தண்ணீர் வழியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுத்து முடிந்தது, அதனால் வண்டியும் நிறைந்துவிட்டது என்று எழுந்து வால்வை அடைத்தேன். வண்டியில் பாதிகூட இருந்திருக்காது. ஆடுகள் திரும்பிப் போனபோதே எனக்குத் தெரியும். அப்போது சைரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடியிருந்தால் தெருமுனைவரைக்கும்தான் ஓடியிருப்பேன், வண்டியை எட்டியிருக்க முடியாது. ஆனால் நிலையத்துக்குப் போன் பண்ணியிருக்கலாம். அவர்கள் வயர்லெஸ்சில் சொல்லியிருப்பார்கள். அவர் வளைவில் நடக்கிற வேகத்தில் போயிருப்பார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

தீயணைப்பு நிலையத்தில் விசாரணை. கண்ணாடி போட்ட அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். தளவாய் சுவரோரம் நின்றார். வடிவு டீச்சர் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். நான் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுபோன காகிதத்தைக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். அதிகாரி படித்தார். மறுபடியும் படித்தார்.

“தண்ணி நிறையலையா?”

“நெறையல ஐயா.”

“இதை உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?”

“நானே எழுதினேன்.”

“உங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது யாரு?”

சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். “டிரைவரோட மனைவி. சரி. விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னாடி அவங்க உங்க ரூமுக்கு வந்துட்டுப் போனதாவும் சொல்றாங்க. பெரியவரே, உங்க நல்ல மனசு புரியுது. ஆனா டீச்சர் சொல்ல நீங்க எழுதினதா நான் எடுத்துக்கிட்டா, அவருக்கு இன்னும் ஒரு குத்தம் சேரும்.”

உண்மையைச் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. சொன்ன பிறகு அது பொய்யாகிவிடும் என்று நான் நினைக்கவே இல்லை.

“ஐயா, ஒரு வெள்ளத்தாள் தாங்க. இங்கனயே எழுதுதேன். நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க, அதையும் எழுதுதேன். ஆனா நேரம் ஆகும்” என்றேன்.

தாள் கொடுத்தார். மேசையின் ஓரத்தில் நின்றபடியே எழுதினேன், பிறகு யாரோ ஸ்டூல் போட்டார்கள். அவர் கேட்டார், நான் எழுதினேன். எத்தனை மணிக்கு வால்வைத் திறந்தீர்கள்? குழாயில் வேகம் எப்படி? எதை வைத்து அடைத்தீர்கள்? ‘நான் எழுதி முடித்ததை வைத்து அடைத்தேன்’ என்று எழுதினேன். அதற்கே ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய டீ ஆடை கட்டிவிட்டது. முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு என் கையைப் பார்த்தார்.

நாற்பது நிமிடம் கழித்து, “போதும்” என்றார். அப்புறம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தார். புது வண்டியைக் காலியாக நிறுத்தி, வால்வைத் திறக்கச் சொல்லி, பத்தாவது நிமிடத்தில் அடைக்கச் சொன்னார். குழாயில் இன்னும் அதே மெலிந்த வேகம்தான். தளவாயிடம், “ஏறிப் பாருங்க” என்றார். தளவாய் ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினார். வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாதிக்கும் கீழ சார்” என்றார். “நான் அன்னைக்கே ஏறிப் பாத்திருக்கணும். அது என் தப்பு.”

இறங்கி வந்து என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு யாருக்கும் வரும் மாமா. ஆனா நான் ஒங்க வாசல்ல வந்து நின்னு கேட்டேம்லா” என்றார்.

மார்ச் 28, வியாழன்

வேகம் என்ற குற்றத்தை எடுத்துவிட்டார்கள். ஏறிப் பார்க்காமல் வண்டியை எடுத்தது அவர் பேரில் இருக்கிறது. அதற்குத் தண்டனை உண்டு, ஆனால் வேலை உண்டு. திங்கட்கிழமை முதல் வண்டி எடுக்கிறார். நிலையத்தில் புது உத்தரவு எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: ‘நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஓட்டுநர் ஏறிப் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும்.’ வாசலில் நின்று முழுதும் படித்தேன்.

நான் ஏப்ரல் முதல் தேதியோடு நிற்க வேண்டும். கிளார்க் சொன்னார், “அன்னைக்கே சொன்னேன்லாவே.” ஆமாம், சொன்னார். டீக்கடைக்காரர் பின்கட்டில் ஓர் அறை தருகிறேன் என்கிறார். மகள் திருப்பூருக்கு வரச் சொல்கிறாள். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது என்றேன். ஆனால் அந்த வகுப்புக்குள் என்னை விடுவார்களா என்று எனக்குத் தெரியாது.

லாசரை இன்னும் பார்க்கப் போகவில்லை. போக வேண்டும்.

மார்ச் 31, ஞாயிறு

வகுப்பறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். பாடம் நடந்த ஒரு மணி நேரமும் வடிவு டீச்சர் என் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் என் பெஞ்சுக்கு வந்தார்.

“மூணு வாரமா நோட்டுக் குடுக்கல.”

“படிச்சா ஒங்களுக்குக் கோவம் வரும் டீச்சர்.”

“இப்பவே கோவம்தான் பெரியப்பா. கடுதாசி கேட்டு வந்து கும்பிட்டேன். அப்பக்கூட நீங்க ஒரு வார்த்தை சொல்லல. குடுங்க.”

“இன்னைக்கு உள்ளத முடிச்சிட்டுத் தாரேன்.”

“முடிங்க. நான் நிக்கேன்.”

நிற்கிறார். கையில் பூட்டும் சாவியும் இருக்கின்றன. என்னால் வேகமாக எழுத முடியவில்லை, அவசரப்படுத்தவும் மாட்டேன் என்கிறார்.

டீச்சர், இதில் பன்னிரண்டாம் தேதிக்குப் பின்னால் வரும் பக்கங்களை உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் எழுதினேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. படித்த பிறகு, இனி இந்த மனிதன் இங்கே வர வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், நோட்டை டீக்கடையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் புரிந்துகொள்வேன். நோட்டு உங்களிடமே இருந்தால், புது நோட்டு ஒன்று வாங்கி, திங்கள் முதல் சனி வரை பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, வருகிற ஞாயிறு இதே நேரத்துக்கு உங்கள் கையில் தருவேன்.